மறதி நோயும் வாசனைத் தைலமும்

சென்ற பொங்கல் விழாவன்று, சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றுகொண்டிருந்த என்னை நம் சங்கத்து அன்பர் ஒருவர் தனியே அழைத்துப் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய பழுப்புநிறப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். பெங்களூரில் இருக்கும் மகள் கூரியரில் அனுப்பிய லாவண்டர் எண்ணெய். அவருடைய மாமியாருக்கு மறதி நோய். இரவில் தூங்காமல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறாராம். “தலையணையில் நாலு சொட்டு விடச் சொல்றாங்க. வெந்நீரில் ரெண்டு சொட்டு கலந்து குடிக்கவும் கொடுக்கலாம்னு யாரோ சொன்னாங்க. நீங்கதான் உங்க அம்மாவுக்கு இதெல்லாம் செஞ்சு பாத்தவராச்சே, கொடுக்கலாமா சார்?” என்றார்.

குடிக்க மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்று அங்கேயே சொன்னேன். மீதியைச் சொல்ல வரிசை இடம் கொடுக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, நாகபுரியில் மின்சார எஞ்ஜின்களோடு காலம் தள்ளி 2019இல் ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கற்றதும், டாக்டர்களிடம் கேட்டதும், உட்கார்ந்து படித்ததும்தான். அதில் ஒரு பாடத்துக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் நிலக்கோட்டை. மல்லிகைத் தோட்டக்காரர்கள் வீட்டுப் பெண். அப்பா காலமான பிறகு 2016இல் இங்கே அழைத்து வந்தோம். இரண்டு வருடம் எந்தக் குறையும் தெரியவில்லை. 2018இல் ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, வீடெல்லாம் புகை. அம்மா அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “என்னம்மா, தீய்ஞ்ச வாசனை வரலையா?” என்றாள் என் மனைவி. “எங்கே தீயுது?” என்று அம்மா திருப்பிக் கேட்டார். வயசாகிவிட்டது, கவனக்குறைவு என்று விட்டுவிட்டோம். மறு வருடம் அல்சைமர் என்று டாக்டர் சொன்னபோதுதான், இந்த நோயில் நினைவு பிசகும் முன்பே மோப்பம் குறைவது உண்டு என்று தெரிந்தது. மோப்ப நரம்பின் பாதை மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்கு மிக அருகில் போகிறது. நோய் முதலில் கை வைக்கும் இடங்களும் அந்தச் சுற்றுவட்டாரம்தான்.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் உடனே தெளிவாகின்றன. ஒன்று, கேஸ் கசிந்தால் அவர்களுக்குத் தெரியாது. கேஸுக்கு வாசனை கிடையாது, நமக்குத் தெரியட்டும் என்றுதான் அதில் நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றமே எட்டாத மூக்குக்கு என்ன பயன்? நான் அந்த வாரமே அடுக்களையில் கேஸ் கசிவு காட்டும் கருவி ஒன்றை மாட்டினேன். இரண்டாவது, வாசனை வைத்தியம் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. நம் மூக்குக்கு ‘கும்’மென்று இருப்பது அவர்களுக்கு ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். பலன் தெரியவில்லையே என்று நாலு சொட்டை எட்டாக்குவோம், எட்டைப் பதினாறாக்குவோம். மூக்குக்குத்தான் தெரியவில்லை. தோலுக்கும் நுரையீரலுக்கும் அளவு அளவுதான்.

இனி என் வீட்டில் நடந்தது. 2022 மே மாதம். நாகபுரி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறவினர் குடும்பம் ஒன்று ஊட்டி போய்விட்டு வரும் வழியில் எங்களிடம் தங்கியது. ஊட்டிக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வருவார்களா? வர்க்கி, சாக்லேட்டோடு யூகலிப்டஸ் தைலம் ஒரு பாட்டில், விண்டர்கிரீன் தைலம் ஒரு பாட்டில். அம்மாவின் முழங்காலுக்கு ஆகும் என்று அன்போடு கொடுத்தார்கள். நான்தான் அவற்றை வாங்கி அம்மாவின் அறை அலமாரியில் வைத்தேன். பக்கத்தில் ஓமவாட்டர் பாட்டில் இருந்தது.

அம்மாவுக்கு நாற்பது வருடப் பழக்கம், வயிறு பொருமினால் ஒரு வாய் ஓமவாட்டர். எத்தனையோ மறந்தும் அது மறக்கவில்லை. அன்று இரவு பதினொரு மணி இருக்கும். இருமல் சத்தம் கேட்டு ஓடினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கையில் யூகலிப்டஸ் பாட்டில். “ஓமத்தண்ணி காரமா இருக்கு அண்ணே” என்றார். என்னைத் தம் தமையன் என்று நினைத்துப் பேசுவது அப்போதே தொடங்கியிருந்தது.

எவ்வளவு குடித்தார் என்று தெரியாது. பாட்டிலில் குறைந்ததைப் பார்த்தால் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். என் மனைவி உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம் என்றாள். நல்லவேளை, மாடி வீட்டு மராட்டியப் பெண் நர்ஸ். அவர் ஓடி வந்து தடுத்தார். எண்ணெய் வாந்தியாக மேலே வரும்போது மூச்சுக்குழலில் இறங்கினால், குடித்ததைவிட அது பெரிய ஆபத்தாம். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும் வழியிலேயே அம்மாவுக்குக் கண் சொருக ஆரம்பித்துவிட்டது. எழுப்பினால் ‘உம்’ என்பார், மறுபடி தலை தொங்கும். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வலிப்பு வரவில்லை, நெஞ்சில் சளி கட்டவில்லை. வந்திருக்கலாம் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி யூகலிப்டஸ் தைலமே பெரியவர்களுக்குக் கூடக் கடுமையான நஞ்சாகலாம். கற்பூரமும் யூகலிப்டஸும் நரம்பைத் தூண்டி வலிப்பை வரவழைக்கக் கூடியவை.

முப்பது சொச்சம் வருடம் ஷெட்டில் ஒவ்வொரு எண்ணெய்ப் பீப்பாய்க்கும் வண்ணம் பூசி, பெயர் எழுதி, பூட்டி வைத்தவன் நான். கிரீஸ் டப்பா மாறினாலே கூப்பிட்டு விளக்கம் கேட்பேன். அம்மாவின் அலமாரியில் எதற்கும் சீட்டில்லை, பூட்டில்லை. இன்றுவரை அந்த இரவை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்த விண்டர்கிரீன் பாட்டிலைப் பற்றி டாக்டர் சொன்னது இன்னும் திகிலாக இருந்தது. அந்தத் தைலம் ஏறக்குறைய முழுக்க மீதைல் சாலிசிலேட். ஆஸ்பிரினின் உறவு. ஒரு தேக்கரண்டி உள்ளே போனால், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் ஒரே நேரத்தில் விழுங்கியதற்குச் சமம். குடிக்காமல் வலிக்குத் தேய்த்தாலும், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஏற்படலாம். நம் வீட்டுப் பெரியவர்கள் நெற்றியிலும் முட்டியிலும் நாளுக்கு நாலு தரம் தேய்த்துக்கொள்ளும் தைலங்கள் பலவற்றிலும் இந்தச் சாலிசிலேட், கற்பூரம், மென்தால் எல்லாம் இருக்கின்றன. சீட்டைப் படித்தால் தெரியும். படிக்கிறவர் யார்?

கற்பூரம் பற்றி ஒரு வார்த்தை. வடக்கே நம் வீடுகளிலும் இப்போது பிளக்கில் செருகி கற்பூரத்தைச் சூடாக்கும் கருவி வந்துவிட்டது. கற்பூரக் கட்டி, கற்கண்டு, துணிப் பெட்டியில் போடும் ரசகற்பூர உருண்டை, மூன்றும் வெள்ளை. மறதி நோய் உள்ளவருக்கு மூன்றும் கற்கண்டுதான். தோலில் தடவும் மருந்துகளிலேயே கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 1983இல் வரம்பு கட்டியது. நம் பூஜைக் கட்டியோ கிட்டத்தட்ட முழுக் கற்பூரம்.

சரி, இத்தனை அபாயம் இருக்கிறதே, அப்படியானால் வாசனைத் தைலமே வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். பிறகு கோபம் தணிந்து, இதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று படித்தேன்.

2002இல் இங்கிலாந்தில் முதியோர் இல்லங்களில் இருந்த, நோய் முற்றிய 72 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். மெலிஸா என்ற, எலுமிச்சை வாசம் வீசும் ஒரு புதினா இனத்துச் செடியின் எண்ணெயை லோஷனில் கலந்து, முகத்திலும் கைகளிலும் நாளுக்கு இருமுறை, நாலு வாரம் தடவினார்கள். மெலிஸா பூசியவர்களுக்குப் படபடப்பும் அமைதியின்மையும் 35 சதவீதம் குறைந்தன. மெலிஸா இல்லாத எண்ணெய் பூசியவர்களுக்கு 11 சதவீதம். அந்தச் செய்தி உலகெல்லாம் பரவியது. ஆனால் 2011இல் இன்னும் கண்டிப்பான முறையில் திரும்பச் செய்தபோது, போலி எண்ணெயைவிட மெலிஸா மேலானது என்று நிரூபிக்க முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், போலி எண்ணெய் தடவப்பட்டவர்களும் தேறியிருந்தார்கள். 2020இல் காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, அதுவரை நடந்த 13 சோதனைகளை, 708 நோயாளிகளைப் பற்றியவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலன் உண்டு என்று நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை என்பதே முடிவு. பலனே இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதாகவும் அவர்கள் சொல்லவில்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்தப் போலி எண்ணெய்தான். ஒருவர் நாளுக்கு இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, மெதுவாகத் தடவி, நாலு வார்த்தை பேசினால் யாருக்குத்தான் படபடப்பு அடங்காது? இது என் சொந்த அபிப்பிராயம். டாக்டர்கள் மாறுபடலாம்.

ஆகவே எங்கள் வீட்டில் வாசனையை மருந்தாக வைக்கவில்லை, ஒரு சுகமாக வைத்தோம். டாக்டர் கொடுக்கும் மாத்திரை எதையும் இதற்காக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. எந்தத் தைலமானாலும் தொடங்குவதற்கு முன்பு அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, ரத்தம் உறையாமைக்கான மருந்து, இவற்றில் ஏதாவது இருந்தால் கண்டிப்பாக.

அளவைப் பற்றிச் சொல்கிறேன், அதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். எசென்ஷியல் ஆயில் என்பது சாறு இறக்கிய சாறு. நேரடியாகத் தோலில் விடக் கூடாது. 1 மில்லிக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 மில்லி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் 6 சொட்டு விட்டால் 1 சதவீதம். வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி. நான் அதில் பாதி, 3 சொட்டோடு தொடங்கினேன். முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் துளி தடவி ஒரு நாள் முழுக்கப் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லை என்ற பிறகுதான் கைக்கு. முகத்துக்கு வேண்டாம், கையால் கண்ணைக் கசக்கிவிடுவார்கள். உள்ளங்காலுக்கும் வேண்டாம், எண்ணெய்க் காலோடு எழுந்து நடந்தால் இடுப்பெலும்பு போகும். எலுமிச்சை, பெர்கமாட் மாதிரி தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தால் தோல் வெந்துவிடும். நம் பெரியவர்கள் குளிர்காலத்தில் பால்கனி வெயிலைத் தேடிப் போகிறவர்கள் ஆயிற்றே. மூக்கில் எந்த எண்ணெயும் விடவே வேண்டாம். விழுங்குவதில் தடுமாற்றம் இருப்பவர்களுக்கு அது நுரையீரலில் இறங்கி நிமோனியா மாதிரி ஆகிவிடும்.

பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள். லாவண்டர் போன்ற எண்ணெய்கள் காற்றும் வெளிச்சமும் பட்டால் மாறிப்போகின்றன. மாறிய எண்ணெய்தான் அதிகமாகத் தோல் அலர்ஜி தருகிறது. இப்போது லாவண்டருக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை, ஜம்முவில் பதர்வாவில் நம்மவர்களே பயிரிடுகிறார்கள். ஆனால் கடையில் கிடைப்பதெல்லாம் அசல் என்று நம்பிவிடக் கூடாது. மெலிஸா என்ற பெயரில் எலுமிச்சைப்புல் எண்ணெய் வருவது சர்வ சாதாரணம்.

மின்சாரத்தில் ஆவி விடும் டிஃப்யூசர் வைப்பவர்களுக்கு: அரை மணி நேரம் போதும், ஜன்னல் ஒன்று திறந்திருக்கட்டும், தொட்டித் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். அதையும் குடிப்பார்கள். வயர் காலில் தட்டாத இடமாகப் பாருங்கள். யூகலிப்டஸ் தைலத்தின் ஆவி சுமார் 50 டிகிரியிலேயே தீப்பற்றும். டீசலை எப்படிக் கையாளுவோமோ அப்படிக் கையாள வேண்டிய பொருள் இது. சாமி விளக்கின் பக்கத்திலும், வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடும் அறையிலும் எந்தத் தைலமும் கூடாது.

இன்னொரு சம்பவம். சென்ற வருடம் ஒரு நாள் சாயங்காலம் அம்மா நிலைகொள்ளாமல் தவித்தார். வேலைக்கு வரும் பாயி “ஆஜி, பசா, பசா” என்று மராட்டியில் கெஞ்சியும் உட்காரவில்லை. நான் லாவண்டர் கலந்த எண்ணெயை எடுத்து வந்தேன். என் மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “மூணு நாளா அத்தைக்கு வெளிக்கி ஆகலை, அதைப் பாருங்க முதல்ல” என்றாள். அதுதான் காரணம். மலச்சிக்கல், மூத்திரத் தொற்று, பல்வலி, தாகம் என்று எதையும் அவர்களால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. தவிப்பாகத்தான் சொல்வார்கள். எஞ்ஜினில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பல்பையா கழற்றுவோம்? அன்று நான் கழற்றப் பார்த்தேன்.

அம்மாவுக்கு எந்த வாசனை பிடிக்கும் என்று கண்டுபிடிக்கவும் நாள் ஆயிற்று. லாவண்டர் எங்கள் ஊர்க்காரி மூக்குக்குச் சம்பந்தமே இல்லாதது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்லத் தெரியாவிட்டாலும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ‘மல்லிகை எண்ணெய்’ என்று 10 மில்லி 150 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஆயிரம் கிலோ பூவிலிருந்து இரண்டு, மூன்று கிலோ மெழுகுதான் கிடைக்கும், அதையும் சுத்தி செய்தால் இன்னும் குறையும் என்பதைப் பிறகுதான் படித்தேன். 150 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா ஒரு தரம் மோந்து, “சோப்பு” என்றார். அவ்வளவு மோப்பம் மிச்சமிருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆரஞ்சு பிடித்தது. நாகபுரியில் இருந்துகொண்டு ஆரஞ்சுக்குத் தைலம் எதற்கு? பழத்தைக் கையில் கொடுத்தால் தோலை நகத்தால் கிள்ளிக் கிள்ளி மோந்துகொண்டே அரை மணி உட்கார்ந்திருப்பார். கோடையில் கூலரில் வெட்டிவேர்த் தட்டி போட்டோம். அந்த ஈர வாசனையில் மத்தியானம் கொஞ்சம் தூங்கினார். இவற்றில் எதையும் பூட்டி வைக்க வேண்டியதில்லை, அளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கணக்கிட்டது. நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே எனக்குத் தெரிந்து நாலு வீடு. ஊரைவிட்டு வந்த நம்மிடம் அத்தை, சித்தி என்று ஓடி வந்து மாற்றிவிட ஆளில்லை. 1992இல் கேரளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உள்ளன, விசாரியுங்கள். விஷ விபத்துக்கு டெல்லி எய்ம்ஸில் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இரவு பகலாக இயங்குகிறது. அந்த எண்ணையும் 112ஐயும் இன்றைக்கே ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டுத் தைலங்கள் இப்போது என் பழைய கருவிப் பெட்டியில், பூட்டுக்குள். சாவி என் பூணூலில் இல்லை, மனைவியின் இடுப்பில்.

அம்மாவுக்கு இப்போது 88 வயது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்துகொள்கிறார். “பூ எடுக்க நேரமாச்சு அண்ணே, வெயில் வந்தா மொட்டு விரிஞ்சிரும்” என்று கதவுப் பக்கம் போவார். முதலில் தடுத்துப் பார்த்தோம், சண்டைதான் மிச்சம். இப்போது முந்தின நாள் சாயங்காலமே சீதாபுல்டி பூக்கடையில் கால் கிலோ மோக்ரா மொட்டு வாங்கி, ஈரத் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். நாலு மணிக்கு முறத்தில் கொட்டி, நாரை நனைத்து முன்னால் வைத்தால் போதும். என் பெயர் தெரியாத அம்மாவின் விரல்களுக்குப் பூக்கட்டு தெரிகிறது. இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. நேற்று கட்டி முடித்து, முழங்கையை வைத்து அளந்து, என் மனைவியிடம் நீட்டினார்.

“மூணு முழம் இருக்கு தாயி. எங்க அண்ணன்கிட்ட காசைக் குடுத்துட்டுப் போ.”

என் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்து என்னிடம் பத்து ரூபாய் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.